டேக்கில் இருக்கிற டன்னும் கொக்கியில் தொங்குகிற டன்னும்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போய் "தூக்குறதுக்கு பெல்ட் வேணும்" என்று நின்றால் உள்ளேயிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "எத்தன டன்னு அண்ணாச்சி?" நாமும் அஞ்சு என்போம். சிவப்பு பெல்ட் ஒன்று மேசையில் வந்து விழும். நாலு மீட்டரா ஆறு மீட்டரா என்று கேட்பார்கள், அதுவும் விலை சொல்வதற்காகத்தான். பில் போட்டு வெளியே வந்துவிடலாம். இருபது வருடமாகக் காற்றாலை, அரிசி ஆலை, டிரான்ஸ்பார்மர் என்று தூக்குகிற வேலையிலேயே கிடக்கிற எனக்கு இந்தப் பேச்சில் எப்போதும் ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்கும். எதைத் தூக்கப் போகிறீர்கள், எப்படிக் கட்டப் போகிறீர்கள், பெல்ட் எந்த விளிம்பில் மடங்கும், பக்கத்தில் சூடு இருக்கிறதா, ஆசிட் இருக்கிறதா என்று வாங்குகிறவரும் சொல்வதில்லை, விற்கிறவரும் கேட்பதில்லை.

பெல்ட்டில் தைத்திருக்கிற சீட்டுதான் டேக். அதில் போட்டிருக்கிற டன் ஒரே ஒரு நிலைமைக்குத்தான் பொருந்தும். பெல்ட் ஒற்றையாக, நேர் செங்குத்தாக, வழவழப்பான கொக்கியில், ஆட்டமில்லாமல் தொங்க வேண்டும். அதே டேக்கில் கீழே சின்னச் சின்னப் படங்கள் இருக்கும், பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஐந்து டன் பெல்ட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டினால் 0.8 மடங்கு, அதாவது நாலு டன். பொருளுக்கு அடியில் கொடுத்து, முனையில் வளையமாகத் தைத்த இரண்டு கண்ணையும் கொக்கியில் மாட்டினால், இரண்டு பக்கமும் நேராக நிற்கிறவரைக்கும் பத்து டன். அந்த இரண்டு பக்கமும் விரிந்து செங்குத்திலிருந்து 45 டிகிரி வரை சாய்ந்தால் ஏழு டன், 60 டிகிரி வரை சாய்ந்தால் மறுபடியும் ஐந்து டன்தான். ஒரே பெல்ட், ஒரே டேக், நாலு வேறு கணக்கு.

"அதான் ஏழு மடங்கு தாங்கும்லா, ஒரு டன் கூடுனா என்ன?" என்பார்கள். ஐரோப்பியத் தரப்படி செய்த பாலியஸ்டர் பெல்ட் அறுவதற்கு டேக்கில் உள்ளதைப்போல ஏழு மடங்கு இழுவை வேண்டும் என்பது உண்மைதான். கம்பிக் கயிற்றுக்கு ஐந்து மடங்கு, செயினுக்கு நாலு மடங்கு. ஆனால் அது நமக்கென்று ஒதுக்கி வைத்த உபரி இல்லை. வெயிலில் கிடந்து நைந்த நூல், கொக்கியில் தேய்ந்த கண், டிரைவர் லீவரைச் சற்று வேகமாக இழுத்ததில் வந்த குலுக்கல், யாரும் சரியாகக் கணக்குப் போடாத எடை, இவை எல்லாம் ஏற்கெனவே அந்த ஏழில் பங்கு கேட்டு நிற்கின்றன.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேம் பிளேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கண்மதிப்பில் சொல்லாதீர்கள், அளந்து போடுங்கள்: இரும்பு ஒரு கன மீட்டர் 7.85 டன், கருங்கல் சுமார் 2.7, கான்கிரீட் 2.4 முதல் 2.5 வரை. பத்து மில்லி பிளேட் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. பழைய தொட்டி என்றால் உள்ளே சேறும் தண்ணீரும் நிற்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள், ஒரு கன மீட்டர் தண்ணீர் தேங்கி நின்றாலே ஒரு டன் கூடிவிடும்.

இனி கோணம். ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். வீட்டுக் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டிய கொடியில் ஈர வேட்டியைப் போட்டால் ஒன்றும் ஆகாது. அதையே விறைப்பாக, நேர்கோடு மாதிரி இழுத்துக் கட்டி நடுவில் அதே வேட்டியைப் போட்டுப் பாருங்கள், சுவர் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். வேட்டியின் எடை கூடவில்லை, கயிறு படுத்துக்கொண்டதுதான் வித்தியாசம். இரண்டு ஸ்லிங் (பெல்ட், கயிறு, செயின் என்று தூக்குவதற்குக் கட்டுகிற எதுவும் ஸ்லிங்தான்) போட்டுத் தூக்கும்போதும் இதே கதைதான். ஸ்லிங் எவ்வளவு படுக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை ஏறும்.

இதற்கு சைன், காஸ் எல்லாம் தெரிய வேண்டியதில்லை, ஒரு டேப் போதும். ஸ்லிங்கின் நீளத்தை அளங்கள். பிறகு கொக்கியிலிருந்து, பொருளில் மாட்டியிருக்கிற வளையங்களின் மட்டம் வரை நேர் உயரத்தை அளங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து, ஒரு ஸ்லிங்குக்கு வரும் பங்கால் பெருக்குங்கள். ஆறு டன் மெஷின், மேலே இரண்டு வளையம், இடையில் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பாதி, மூன்று டன். மூன்று மீட்டர் ஸ்லிங் போட்டால் உயரம் 2.6 மீட்டர் வரும், இழுவை கிட்டத்தட்ட 3.5 டன். இரண்டு மீட்டர் ஸ்லிங் போட்டால் உயரம் 1.32 தான், இழுவை 4.5 டன். 1.75 மீட்டர் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதை மாட்டினீர்களானால் உயரம் 0.9 மீட்டருக்கு இறங்கி, இழுவை 5.8 டன்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு ஸ்லிங்கும் தனியாக முழு மெஷினையும் தூக்குவதற்குச் சமம். டேப்பும் இல்லையென்றால், இரண்டு வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் குறையாத நீளத்தில் ஸ்லிங் எடுங்கள், பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஷெட்டுக்குள் தலைக்கு மேல் இடமில்லை, குட்டை ஸ்லிங்தான் போட முடியும் என்றால், அப்போது கேட்க வேண்டியது பெரிய டன் பெல்ட் இல்லை, ஸ்ப்ரெடர் பீம், அதாவது ஸ்லிங்குகளை அகலமாக விலக்கிப் பிடிக்கிற குறுக்கு உத்தரம். படுத்த ஸ்லிங் பொருளையும் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி நெரிக்கும். மெல்லிய தகட்டுப் பெட்டி வளைந்துபோவது இதனால்தான்.

நாலு கால் ஸ்லிங் போட்டால் எடை நாலாகப் பிரியும் என்று நினைக்கிறவர்கள், வீட்டில் ஆடுகிற நாலு கால் பெஞ்சைப் பார்க்கலாம். எந்த நேரமும் ஒரு கால் தரையில் பட்டும் படாமலும்தான் நிற்கும். விறைப்பான இரும்புச் சட்டத்தில் ஸ்லிங்கும் அப்படித்தான், நாலில் ஒன்று ஒரு விரல்கடை நீளமாக இருந்தாலும் மூலைவிட்டத்தில் உள்ள இரண்டுதான் எடையைச் சுமக்கும். தரத்தில் நாலு காலையும் மூன்றாகத்தான் எண்ணுகிறார்கள். நான் இரண்டாகவே எண்ணுகிறேன், கஞ்சத்தனம் என்று திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

அப்புறம், எந்த ஸ்லிங்? கம்பிக் கயிறா, செயினா, பெல்ட்டா, உறைக்குள் நூலை முனையில்லாத வளையமாகச் சுற்றிய ரவுண்ட் ஸ்லிங்கா?

கம்பிக் கயிறு எப்படி வந்தது என்பதே இதற்குப் பாதி பதில். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அந்தக் காலத்தில் செயினால்தான் தாதுவை மேலே இழுத்தார்கள். செயினில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று, முன்னறிவிப்பே கிடையாது. 1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். ஒரு கம்பி அறுந்தாலும் பக்கத்துக் கம்பிகள் பிடித்துக்கொள்ளும், அறுந்தது வெளியே முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கிறவனுக்கு அவகாசம் கிடைக்கும். இன்றைக்கும் கம்பிக் கயிற்றில் எனக்குப் பிடித்த குணம் அதுதான், சாகுமுன் சொல்லிவிட்டுச் சாகும். ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருகிற தூரம்) பத்து கம்பி அறுந்திருந்தாலோ, அதற்குள் ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலோ ஒதுக்கிவிட வேண்டும் என்பது வழக்கமான அளவு. கையுறை போட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள், வெறுங்கையால் தடவாதீர்கள். பாரம் கட்டித் தூக்குகிற பழைய தொழிலாளிகளான கலாசிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, எட்டால் பெருக்கினால் தூக்கக்கூடிய கிலோ. 16 மில்லி கயிற்றுக்கு 2,048 கிலோ. இது கையை இறுக்கிப் போட்ட கணக்கு, டேக்கில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் டேக் இல்லாத கயிற்றுக்கு இது டேக் ஆகாது. இன்னொன்று, தடித்த கயிற்றை ஒல்லியான இரும்புப் பின்னில் மடக்கினால் மடிப்பில் பலம் போய்விடும், கயிறும் பின்னும் ஒரே விட்டம் என்றால் கிட்டத்தட்டப் பாதி. கூடங்குளம், இடிந்தகரை மாதிரி கடலோர ஊர்களில் வெளியே கிரீஸ் பளபளக்க, உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். கயிற்றைச் சற்று வளைத்துப் புரி பிரித்துப் பாருங்கள், செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

செயின் முரட்டு வேலைக்கும் சூட்டுக்கும் சரி. ஆனால் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற செயின் தூக்குகிற செயின் இல்லை. கண்ணியில் 8 அல்லது 80 என்று பதித்திருக்க வேண்டும், அந்த ரகத்தில் 10 மில்லி செயின் ஒற்றையாக 3.15 டன். 200 டிகிரி சூடு வரை அதன் பலம் குறையாது. பாலியஸ்டர் பெல்ட் 100 டிகிரியோடு சரி, நார் நடு வைத்த கம்பிக் கயிறும் அவ்வளவுதான். ஆலை பாய்லரை இன்றைக்கு அணைத்துவிட்டு நாளைக் காலையிலேயே கழற்றித் தூக்குகிற அவசரக்காரர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

பெல்ட்டுக்கு வருவோம். காற்றாலை இறக்கைக்கு பெல்ட்தான் வேண்டும், பேச்சே இல்லை. பணகுடி, காவல்கிணறு பக்கம் நாற்கரச் சாலையில் போகிற நீள டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த வெள்ளை இறக்கை கண்ணாடி நாரும் ரெசினும். கம்பிக் கயிறு பட்டால் தோல் உரிந்துவிடும், அகல பெல்ட் போட்டால் எடை பரவி உட்காரும். பாலியஸ்டரா நைலானா என்பதை டேக்கின் நிறம் சொல்லும்: நீல டேக் பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரோப்பிலீன். பாலியஸ்டருக்குக் காரம் ஆகாது. தாழையூத்துப் பக்கம் சிமெண்ட், சுண்ணாம்பு வேலைகளுக்குப் போய்வந்த பெல்ட்டைச் சிமெண்ட் பால் ஊறியபடியே சுருட்டி வைக்காதீர்கள், நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நைலானுக்கு நேர் எதிர், அதற்கு ஆசிட் ஆகாது. ஈரமானால் கொஞ்சம் பலமும் குறையும், பாலியஸ்டரைவிட அதிகமாக நீளவும் செய்யும். சின்ன ஷெட்டில் துல்லியமாக இறக்க வேண்டிய மெஷினுக்கு அந்த ரப்பர் குணம் தொந்தரவு.

பெல்ட்டின் நிறத்தையும் ரொம்ப நம்பாதீர்கள். ஊதா ஒன்று, பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நாலு, சிவப்பு ஐந்து, பழுப்பு ஆறு, நீலம் எட்டு, ஆரஞ்சு பத்து என்பது சரிதான், ஆனால் பத்துக்கு மேலே எல்லாமே ஆரஞ்சு. நம்மூர் வெயிலில் இரண்டு கோடை கிடந்தால் சிவப்பு எது, ஆரஞ்சு எது என்று சண்டை வரும். போதாததற்கு லாரிக்காரர்கள் சரக்கு கட்டுகிற ராட்செட் பெல்ட்டும் பலசமயம் ஆரஞ்சுதான். அது சரக்கை இறுக்கிப் பிடிப்பதற்கானது, தூக்குவதற்கு இல்லை. ரவுண்ட் ஸ்லிங் மெருகேற்றிய ஷாஃப்டுக்கு அருமையாக இருக்கும், ஆனால் எடையைத் தாங்குகிற நூல் உறைக்குள்ளே மறைந்திருக்கிறது. உறை கிழிந்து உள்நூல் தெரிந்தால் அதைத் தைத்துப் பயன்படுத்துகிற வேலை வேண்டாம்.

இப்போது நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. பழைய ஜெனரேட்டர், சி சேனல் (C வடிவ இரும்பு) சட்டத்தில் உட்கார்ந்தது, மூன்றரை டன். இரண்டு மஞ்சள் பெல்ட், புதிது, சட்டத்துக்கு அடியில் கொடுத்து மேலே எடுத்தோம். கணக்குப் பாருங்கள், மஞ்சள் மூன்று டன், அடியில் கொடுத்ததால் ஒவ்வொன்றும் ஆறு டன், இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. மூன்றரை டன்னுக்குப் பன்னிரண்டு, ராஜா மாதிரி. சேனலின் கீழ் விளிம்பில் மடித்த சாக்கை வைத்தோம், எல்லோரும் வைப்பதுதான். ஹைட்ரா கிரேன் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நகர்ந்தது, களத்து ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம், முன்சக்கரம் இறங்கி ஏறியது. படக் என்று ஒரு சத்தம், துணி கிழிகிற சத்தம் இல்லை, விறகு ஒடிகிற சத்தம். ஜெனரேட்டரின் ஒரு பக்கம் ஒன்றரை அடி கீழே போய்த் தரையில் குத்தி நின்றது. எங்கள் கூட இருந்த மூத்த கலாசி ஒருவர் அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான், சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நடந்த பையனை "ஏல, அங்கிட்டுப் போல" என்று விரட்டியிருந்தார். பையன் முறைத்துக்கொண்டே விலகிப் போனான். அதனால் இன்றைக்கும் என்னோடு வேலைக்கு வருகிறான்.

பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிளேடு போட்ட மாதிரி நேர்கோடாக அறுந்திருந்தது. மீதி விளக்குத் திரி மாதிரி பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருந்தது. முதலில் விளிம்பு அறுத்திருக்கிறது, மிச்சம் இருந்தது பாரம் தாங்காமல் பிய்ந்திருக்கிறது. சாக்கு? சாக்கும் அதே கோட்டில் அறுந்து இரண்டாக விழுந்துகிடந்தது. அன்றைக்கு நாங்கள் பத்து டன் பெல்ட் போட்டிருந்தாலும் அதே விளிம்பு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்து அதையும் அறுத்திருக்கும். விளிம்பின் வளைவு பெல்ட்டின் கனத்தைவிடச் சின்னது என்றால் அது பெல்ட்டுக்குக் கத்தி, கையில் தடவிப் பார்க்க மழுங்கலாகத்தான் தெரியும். பெல்ட் ஆறேழு மில்லி கனம், சேனல் விளிம்பு அதில் பாதிகூட உருண்டிருக்காது. அப்புறம் நான் மூன்று அங்குலக் குழாயை நீளவாட்டில் பாதியாக அறுத்து, ஜோடி ஜோடியாக வண்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். விளிம்புக்கு அது தொப்பி. டயர்த் துண்டு உரசலுக்குப் பரவாயில்லை, வெட்டுக்கு உதவாது. பாலியூரித்தேன் உறை கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்தப் பள்ளத்தையும் மறந்துவிடக்கூடாது. எடை துளிகூட விழ வேண்டாம், தொய்வில்லாத கயிற்றில் சட்டென்று விட்டாலே இழுவை ஒரு கணம் இரண்டு மடங்கு ஆகும். தொய்வு இருந்து விழுந்தால் இன்னும் மேலே. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது நினைவிருக்கும். ஏன் அறுந்தது என்று ரதவீதியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொய்ந்து கிடக்கிற வடம் ஆயிரம் கை ஒரே மூச்சில் இழுக்கும்போது தரையை விட்டுத் துள்ளி எழும் பாருங்கள், தேர் அசைவதற்கு முந்திய அந்த ஒரு நொடி, என் கண் அங்கேதான் போகும். அதற்கு முந்திய வருடம் செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு இரண்டு நீராவி ஜெனரேட்டர்களை ஏற்றி வந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து பாறையில் போய் உட்கார்ந்ததும் இந்தக் கரையில்தான். கிரேனில் இதற்கு வழி எளிது: முதலில் ஸ்லிங் விறைக்கும் வரை மெல்ல எடுக்கச் சொல்லுங்கள், நிறுத்துங்கள், சுற்றி வந்து பாருங்கள், பிறகு ஒரு சாண் தூக்கி மறுபடி நிறுத்துங்கள். பொருள் ஒரு பக்கம் சாய்ந்தால் கொக்கி எடை மையத்துக்கு நேர் மேலே இல்லை என்று அர்த்தம். இறக்கிவிட்டு மாற்றிக் கட்டுங்கள், பாரமாக ஆளை மேலே ஏற்றாதீர்கள். சிரிக்காதீர்கள், ஏற்றுகிறார்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தகடுபோல அகலமான எதையும் பாயாக்கிவிடும் என்பதால் பெரிய தூக்கல்களைத் தள்ளிப்போடப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

சுருக்குப் போடுகிறவர்கள் ஒன்று செய்வார்கள், குழாய்க் கட்டு வழுக்குகிறது என்று சுருக்கைச் சுத்தியலால் தட்டிக் கீழே இறக்குவார்கள். அப்படித் தட்டத் தட்ட மடிப்புக் கோணம் குறுகி, அந்த 0.8உம் குறையும். தட்டுவதற்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருக்குப் போட்டால் கட்டு இறுகப் பிடிக்கும்.

தூக்கு சாமான்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 29ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். அந்த ஒரு நாள் பேப்பருக்கு. மற்ற நாளெல்லாம் கட்டுகிறவன் கண்தான். டேக் கிழிந்து போயிருந்தால் பெல்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். முடிச்சுப் போட்டு நீளம் குறைத்திருந்தாலும், தையல் பிரிந்திருந்தாலும், வெல்டிங் பொறி பட்டு நூல் உருகிக் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தாலும் அப்படியே. செயினில் கண்ணி பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அதுவும் வெளியே.

ஒதுக்குவது என்றால் ஓரமாகப் போடுவது இல்லை. ஓரமாகப் போட்டது அவசரத்துக்குத் திரும்பி வரும். நடுவில் அறுத்துவிட வேண்டும், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. போன மாதம் அப்படி அறுத்துப் போட்ட ஓர் ஆரஞ்சு பெல்ட்டின் பாதி, வள்ளியூரில் நாங்கள் வழக்கமாக நிற்கிற டீக்கடையில், உளுத்துப்போன பெஞ்சுப் பலகைக்குப் பதிலாக இழுத்துக் கட்டியிருக்கிறது. மூன்று பேர் தாராளமாக உட்காருகிறோம். கடைக்காரர் கேட்டார், "இது எத்தன டன்னு அண்ணாச்சி தாங்கும்?"